காப்புக் கட்டிய ஆவாரங்குச்சி வேர் விடவில்லை. ஆவாரையை வீட்டில் வளர்த்தவர்கள் சொல்லுங்களேன்

மாடிப்பந்தல் | 5 பிப்ரவரி 2023, இரவு 9:40

வணக்கம். கோவையில் மொட்டை மாடியில் கொஞ்சம், வீட்டுக்குப் பின்னால் ஒன்றரை சென்ட் கொஞ்சம் என்று தோட்டம் வைத்திருக்கிறேன். எங்கள் மாமனாருக்குச் சர்க்கரை. காலைக் காபியை விட்டுவிட்டு ஆவாரம்பூத் தேநீருக்கு மாறி நாலு வருடமாகிறது. பாக்கெட்டில் வாங்கும் பூவைப் பிரித்துக் கொட்டினால் பாதி காம்பு, மீதி தூள். சரி, நாமே வளர்க்கலாமே என்று இறங்கினேன்.

போகி அன்று காப்புக் கட்ட உழவர் சந்தை வாசலில் வாங்கிய கட்டில், வேப்பிலையும் பூளைப்பூவும் போக, ஆவாரங்குச்சி ஏழெட்டு இருந்தது. அதில் பென்சில் தடிமனில் இருந்த ஐந்தை எடுத்து, அடியில் சாய்வாக வெட்டி, கற்றாழைச் சோற்றில் தோய்த்து, தென்னைநார்க் கழிவில் ஊன்றினேன். பத்தாம் நாள் கணுவில் பச்சையாக ஒரு துளிர். வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன். இருபதாம் நாள் துளிர் வாடியது. பிடுங்கிப் பார்த்தால் அடி கறுத்து, பட்டை வழுக்கிக்கொண்டு உரிந்து வருகிறது. வேர் என்று ஒரு நூல்கூட இல்லை. ஐந்தும் அப்படியே.

இன்னொரு சோகம். போன வருடம் ஒரு நர்சரியில் "ஆவாரம்பூ" என்று சொல்லிக் கொடுத்த செடி இப்போது ஆள் உயரம். மஞ்சள் மஞ்சளாகப் பூத்துக் கொட்டுகிறது. மாமனார் ஒரு பூவைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "இது அது இல்லைம்மா" என்று வைத்துவிட்டார். பூ மணி மாதிரி தொங்குகிறது. படம் போட்டிருக்கிறேன். இது என்ன? குச்சியில் ஆவாரை வரவே வராதா?

பச்சிலை டீச்சர் | 5 பிப்ரவரி 2023, இரவு 10:25

மாமனார் சொன்னதுதான் சரி. படத்தில் இருப்பது டெகோமா, சொர்ணப்பட்டி என்பார்கள். அமெரிக்கக் கண்டத்துச் செடி. இலை விளிம்பு ரம்பம் மாதிரி இருக்கிறது பாருங்கள். ஆவாரையின் சிற்றிலைக்கு விளிம்பு வழுவழுப்பு, நுனி மழுங்கல்.

மஞ்சளாகப் பூப்பதெல்லாம் ஆவாரை என்று விற்பது புதிதல்ல. சீமை அகத்தியையும் அந்தப் பெயரில் கொடுத்து நான் பார்த்திருக்கிறேன். பூ வராத செடியிலும் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் குட்டிக் காது மாதிரி வட்டமாக ஒரு சின்ன இலைச்செதில் இருக்கும். உதிராமல் ஒட்டிக்கொண்டே இருக்கும். அதனால்தான் அறிவியல் பெயரில் "ஆரிகுலேட்டா", காதுடையது என்று வைத்தார்கள். முழுப்பெயர் சென்னா ஆரிகுலேட்டா. பழைய புத்தகங்களில் காசியா ஆரிகுலேட்டா. இரண்டும் ஒன்றுதான். அடுத்த அடையாளம், எதிரெதிர் சிற்றிலைகளுக்கு நடுவில் ஊசி முனை போல நிமிர்ந்து நிற்கும் சுரப்பி. லென்ஸ் வேண்டாம், வெயிலில் தூக்கிப் பிடித்தால் தெரியும்.

விதை வாங்கினால் இன்னொன்றையும் கவனியுங்கள். நிலாவாரை வேறு, ஆவாரை வேறு. நிலாவாரைதான் உலகச் சந்தையில் திருநெல்வேலி சென்னா என்று போகிறது. அதன் இலையும் காயும் பேதி மருந்து. பெயரில் ஒரு "நில" கூடிவிட்டால் மாமனார் பாடு திண்டாட்டம்.

கரிசல்காடு | 6 பிப்ரவரி 2023, காலை 6:15

தாயி, ஆவாரையைக் குச்சி ஊன்றி வளர்த்த ஆளை விளாத்திகுளம் பக்கத்தில் நான் பார்த்ததில்லை. இங்கே ஓடைக்கரை, தரிசு, ரோட்டோரம் எங்கே பார்த்தாலும் நிற்கிறது. வெள்ளாடுகூட லேசில் வாய் வைக்காது. எல்லாம் விதையில் வந்தவை. அதுவும் யாரும் போடாமல் வந்தவை.

நீங்கள் செய்த தப்பு நேரம். மார்கழி தை மாதம் அது பூத்து நிற்கிற சமயம். சத்தெல்லாம் பூவுக்கும் காய்க்கும் போயிருக்கும். அந்தக் குச்சியில் வந்த துளிர், குச்சிக்குள் மிச்சம் இருந்ததைத் தின்று வந்த துளிர். வேருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

விதைக்கு இப்போதுதான் பருவம். மாசி, பங்குனியில் நெற்று முற்றும். விரல் நீளத்துக்குத் தட்டையாக, அப்பளம் மாதிரி மெலிசாக, பழுப்பு நிறத்தில் இருக்கும். உள்ளே விதை இருக்கிற இடமெல்லாம் புடைத்துத் தெரியும். காதோரம் ஆட்டினால் கலகலவென்று சத்தம் வரவேண்டும். பச்சை ஓடிய காயைப் பறிக்காதீர்கள், முளைக்காது. ஒரே செடியில் பறிக்காமல் நாலைந்து செடியில் கொஞ்சம் கொஞ்சம் எடுங்கள்.

நெற்றை உடைத்ததும் விதையைத் தண்ணீரில் போடுங்கள். மிதப்பதில் பாதி வண்டு குடைந்தது. ஊசி ஓட்டை தெரியும். பயறில் விழுகிற வண்டு மாதிரிதான். அதைக் கழித்துவிட்டு மீதியைப் பாருங்கள்.

நாற்றங்கால் | 6 பிப்ரவரி 2023, மதியம் 2:05

அண்ணாச்சி சொல்வது தொண்ணூறு சதவீதம் சரி. மீதி பத்துக்கு நான் வருகிறேன். திண்டுக்கல் பக்கம் மூலிகை நாற்று போடுகிறேன். போத்தில், அதாவது குச்சி ஊன்றி, வரவே வராது என்று சொல்ல முடியாது. வரும், கூலி கட்டாது.

ஆடி மாதம், பூ இல்லாத சமயம், பாதி முற்றிய தண்டு, அதாவது வளைத்தால் வளையும் ஆனால் ஒடியப் பார்க்கும், அந்தப் பதத்தில் நாலு கணு விட்டு வெட்டி, ஐ.பி.ஏ. வேர்ப்பவுடர் தொட்டு, ஆற்றுமணலில் ஊன்றி, பாலித்தீன் கூடாரம் போட்டு வைத்தேன். 100 குச்சிக்கு 23 பிடித்தது. அதிலும் பைக்கு மாற்றும்போது ஆறு போய்விட்டது. விண்பதியனும், அதாவது செடியில் இருக்கும்போதே கிளையில் வேர் வரவைப்பதும், முயன்றேன். பட்டையைச் சீவிப் பாசி கட்டினால் சதை கூடுகிறது, வேர் சோம்பேறித்தனம் செய்கிறது. பட்டையில் துவர்ப்பு அதிகம். வெட்டின இடம் நிமிடத்தில் பழுப்பாகிவிடும்.

துவர்ப்பு என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் தாத்தா காலத்தில் ஆவாரம்பட்டைதான் இங்கே தோல் பதனிடும் சரக்கு. ஆவாரங்குச்சியைக் கட்டுக்கட்டாக வெட்டி, தடியால் தட்டிப் பட்டையை உரித்து, வண்டியில் தோல்ஷாப்புக்குக் கொண்டுபோவார்களாம். அப்புறம் வாட்டில் என்ற வெளிநாட்டு மரத்தின் பட்டை வந்தது, இது நின்றுபோனது. வெட்ட வெட்டத் தழைக்கும் செடி என்பது அப்போதே தெரிந்த விஷயம். அதை இப்போது நாம் பூவுக்குப் பயன்படுத்திக்கொள்ளலாம். கவாத்து பற்றி பிறகு எழுதுகிறேன்.

ஓய்வு 2019 | 6 பிப்ரவரி 2023, இரவு 8:30

எனக்கு ஒரு சந்தேகம். தாம்பரம் தாண்டினால் ரோட்டோரம் நிற்கிற செடிக்கு இவ்வளவு ஆராய்ச்சியா? நான் நடைப்பயிற்சிக்குப் போகும்போது ஒரு பையில் பறித்து வந்துவிடுகிறேன். "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று சும்மாவா சொன்னார்கள். களைச்செடியைத் தொட்டியில் வளர்ப்பது வேடிக்கை.

பச்சிலை டீச்சர் | 6 பிப்ரவரி 2023, இரவு 9:10

சார், அந்தக் களைச்செடிதான் தெலங்கானாவின் மாநில மலர். தங்கேடு என்பார்கள், பதுக்கம்மாப் பண்டிகைக்கு அதை அடுக்கித்தான் பூக்கோபுரம் கட்டுகிறார்கள். நம் சங்கப் பாட்டில் காதல் கைகூடாமல் மடலேறுகிறவன் சூடிக்கொள்வதும் இதே ஆவிரை மாலைதான். பூவுக்குக் குறைச்சல் இல்லை.

ரோட்டோரம் பறிப்பதில் எனக்கு இருக்கும் கவலை வேறு. வண்டிப்புகை ஒரு பக்கம். புல் முளைக்காமல் இருக்க மருந்து அடிக்கும் இடங்கள் இன்னொரு பக்கம். அடித்த இரண்டு மூன்று நாளைக்குச் செடி பார்க்கப் பச்சையாகத்தான் இருக்கும். கழுவினால் தூசி போகும், எல்லாமே போகுமா?

ஓய்வு 2019 | 6 பிப்ரவரி 2023, இரவு 9:32

மருந்து அடிப்பதை நான் யோசிக்கவில்லை. சரி, தொடருங்கள். படிக்கிறேன்.

வடமராட்சி | 8 பிப்ரவரி 2023, காலை 11:20

வணக்கம். நாங்கள் இதை ஆவரசு என்று சொல்லுவோம், பூவை ஆவரசம்பூ. அம்மம்மா வீட்டு வேலிக்கரையில் நின்றது. பூவைக் காயவைத்துத் தேத்தண்ணிக்குப் போடுவா, பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்போம். சிங்களத்தில் ரணவரா. தென்பகுதியில் அம்பாந்தோட்டைப் பக்கம் வறண்ட காணியெல்லாம் நிற்கும். கடைகளில் ரணவரா என்று பைக்கற்றில் விற்கிறார்கள், கன பேர் பாவிக்கிறார்கள்.

விதை பற்றி ஒன்று சொல்லவேண்டும். எங்கள் மண் சிவப்பு, கீழே சுண்ணாம்புக் கல். அப்படியே போட்ட விதை ஒரு மாரிக்குக் கொஞ்சம், அடுத்த மாரிக்குக் கொஞ்சம் என்று முளைக்கும். ஒரே நாளில் எல்லாம் வராது. மேல்தோல் அவ்வளவு கடினம். அவசரப்படுகிற ஆட்கள் தோலை உரசித்தான் போடவேண்டும்.

நாற்றங்கால் | 8 பிப்ரவரி 2023, மாலை 6:45

அதேதான். தண்ணீர் உள்ளே போகாத தோல். மூன்று வழி இருக்கிறது.

கொஞ்சம் விதை என்றால் உப்புத்தாளை இரண்டாக மடித்து நடுவில் விதையை வைத்துத் தேயுங்கள். பளபளப்புப் போய் மங்கினால் போதும். வெள்ளைப் பருப்பு தெரியும்வரை தேய்க்கக் கூடாது. விதையின் ஒரு முனையில் தொப்புள் மாதிரி தழும்பு இருக்கும், முளை அந்தப் பக்கம்தான் வரும். அதை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் தேய்க்க வேண்டும். நகவெட்டியால் ஒரு ஓரம் நறுக்குவதும் நடக்கும், கை நடுங்காதவர்களுக்கு.

அரைக் கிலோ, ஒரு கிலோ என்றால் வெந்நீர். கொதித்த தண்ணீரை இறக்கி, இரண்டு மூன்று நிமிடம் ஆவி அடங்கவிட்டு, விதைமேல் ஊற்றி, ராத்திரி முழுக்க அப்படியே ஆறவிட வேண்டும். அடுப்பில் வைத்து விதையோடு கொதிக்க விடுகிறவர்கள் இருக்கிறார்கள். அது சுண்டல். காலையில் பார்த்தால் ஊறின விதை இரண்டு மடங்கு உப்பியிருக்கும். உப்பாததை எடுத்து மறுபடி வெந்நீர் கொடுங்கள்.

மூன்றாவது கந்தக அமிலம். ஆய்வுக்கூடத்தில் செய்வது. வீட்டில் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

மாடிப்பந்தல் | 23 ஏப்ரல் 2023, மாலை 5:50

எல்லாருக்கும் நன்றி. மார்ச் கடைசியில் சூலூர் பக்கம் உறவுக்காரர் தோட்டத்து வரப்பில் நெற்று பறித்தோம். உடைத்து, மிதந்ததைக் கழித்தது போக 60 நல்ல விதை. இருபது இருபதாகப் பிரித்து ஏப்ரல் 2 அன்று போட்டேன்.

சாதாரணத் தண்ணீரில் ஊறப்போட்டதில் இன்றுவரை 2. வெந்நீரில் 11. உப்புத்தாளில் 15. முதல் முளை ஆறாம் நாள், உப்புத்தாள் தட்டில். ராத்திரி மண் லேசாக வெடித்திருந்தது. காலையில் கொக்கி மாதிரி வளைந்த வெள்ளைத் தண்டு. மத்தியானத்துக்குள் நிமிர்ந்து, இரண்டு தடித்த பருப்பிலையையும் விரித்துவிட்டது. விதைத்தோல் ஒரு இலை நுனியில் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டிருந்தது. எடுத்துவிடக் கை பரபரத்தது, விட்டுவிட்டேன்.

இப்போது 28 நாற்று. மண் எப்படி இருக்க வேண்டும்? நான் செம்மண்ணும் மண்புழு உரமும் பாதிக்குப் பாதி போட்டிருக்கிறேன்.

கரிசல்காடு | 24 ஏப்ரல் 2023, காலை 5:55

பாதிக்குப் பாதியா! தாயி, அது தரிசில் பிறந்த செடி. விருந்து வைத்தால் தாங்காது. செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, உரம் ஒரு கை. பயறு வகைச் செடிதானே, தழைச்சத்தைத் தானே வேரில் பிடித்துக்கொள்ளும். அதிகம் கொடுத்தால் இலைதான் வரும், பூ வராது.

பச்சிலை டீச்சர் | 24 ஏப்ரல் 2023, காலை 8:20

அண்ணாச்சி, முடிவு சரி, காரணம் மட்டும் வேறு. பயறுக் குடும்பம்தான், ஆனால் சென்னா இனங்களுக்கு வேரில் தழைச்சத்தைப் பிடிக்கும் முண்டு வராது. பிடுங்கிக் கழுவிப் பாருங்கள், துவரை, தட்டை மாதிரி முடிச்சு இருக்காது. ஏழை மண்ணில் தாக்குப்பிடிப்பது ஆழமாக இறங்கும் ஆணிவேரால்.

கரிசல்காடு | 24 ஏப்ரல் 2023, இரவு 7:40

பார்த்தேன். முண்டு இல்லை. இத்தனை வருடமாக வயலுக்கு ஆவாரந்தழையை மிதித்திருக்கிறோம், பலன் இருந்தது. அதை வைத்து வேரிலும் இருக்கும் என்று நினைத்துவிட்டேன்.

மாடிப்பந்தல் | 19 ஜூன் 2023, இரவு 10:15

நல்ல செய்தி இல்லை. மே மாதம் நாலு நாள் சேர்ந்தாற்போல மழை. தட்டில் இருந்த நாற்றுகளில் ஒன்பது, தண்டு மண்ணோடு சேரும் இடத்தில் நூல் மாதிரி சுருங்கிச் சாய்ந்துவிட்டன. மீதி 19. அவற்றை இப்போது 12 அங்குலத் தொட்டிக்கும் நிலத்துக்கும் மாற்றினேன். தட்டின் அடியைப் பார்த்தால் ஒவ்வொன்றின் வேரும் கீழே இடித்து, கைக்கடிகார ஸ்பிரிங் மாதிரி சுற்றிக்கொண்டு கிடக்கிறது. பிரிக்கும்போது பல அறுந்துவிட்டன. ஒரு வாரத்தில் எட்டு செடி இலையெல்லாம் மஞ்சளாகி உதிர்த்துவிட்டது. தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றுகிறேன், தேறவில்லை.

நாற்றங்கால் | 20 ஜூன் 2023, காலை 7:00

முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். அறுந்த வேருக்கு இரண்டு வேளைத் தண்ணீர் கொடுத்தால் அழுகலுக்கு வழி விட்டதாகும். நிழலுக்கு இழுத்து, மேல்மண் ஒரு விரல்கடை காய்ந்த பிறகு மட்டும் ஊற்றுங்கள். இலை உதிர்ந்ததை வைத்துச் செத்தது என்று முடிவு கட்டவேண்டாம். நகத்தால் தண்டைக் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சை இருந்தால் உயிர் இருக்கிறது.

இதில் என் பேரிலும் தப்பு. தட்டில் போடாதீர்கள் என்று ஏப்ரலிலேயே சொல்லியிருக்க வேண்டும். நான் நீளமான கறுப்புப் பைதான் பயன்படுத்துகிறேன், ஒரு பைக்கு இரண்டு விதை. நாலு அல்லது ஐந்து இலை வந்ததும், அதாவது ஒன்றரை மாதத்துக்குள், மண் உடையாமல் பையைக் கிழித்து நிலத்தில் இறக்கிவிட வேண்டும். மூன்று மாதம் பையில் நின்ற ஆவாரை, பைக்கே சொந்தம்.

கரிசல்காடு | 20 ஜூன் 2023, காலை 9:10

பையும் வேண்டாம், தட்டும் வேண்டாம். புரட்டாசி கடைசியில் குழிக்கு மூன்று விதை நேராக மண்ணில் போடுங்கள். விதையின் தடிமனுக்கு இரண்டு பங்கு ஆழம். ஐப்பசி மழை பார்த்துக்கொள்ளும். நல்லதாக ஒன்றை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிடுங்கள். பிடுங்காதீர்கள், நிற்பதன் வேரும் ஆடும். செடிக்குச் செடி ஐந்தடி விடுங்கள்.

வடமராட்சி | 20 ஜூன் 2023, மதியம் 1:30

அண்ணா சொன்னமாதிரிதான் நானும் மாரிக்கு முதல் நேரே போடுகிறது. ஆனால் தங்கச்சிக்கு மாடியும் இருக்கிறது. தொட்டி என்றால் அகலத்தைவிட ஆழம் பாருங்கோ. பழைய பெயின்ற் வாளி, அடியில் நாலைந்து ஓட்டை, காணும்.

மாடிப்பந்தல் | 6 நவம்பர் 2023, மாலை 4:20

பழைய கணக்கு: எட்டில் மூன்று தேறின. ஆக 14 செடி. அக்டோபர் முதல் வாரம் பின்பக்கத்து மண்ணில் அண்ணாச்சி சொன்னபடி ஆறு குழி, பதினெட்டு விதை, உப்புத்தாளில் தேய்த்துப் போட்டேன். பதினொன்று முளைத்தது. ஆறு குழியிலும் ஒன்று நிற்கிறது.

இப்போது வேறு பிரச்சினை. இலையெல்லாம் எலும்புக்கூடு மாதிரி நடு நரம்பு மட்டும் நிற்கிறது. உற்றுப் பார்த்தால் இலைப் பச்சையிலேயே ஒரு புழு, பக்கவாட்டில் வெளிர்க் கோடு. நரம்போடு நரம்பாகப் படுத்திருந்தால் கண்ணுக்குத் தெரிவதே இல்லை. வேப்பெண்ணெய் அடிக்கவா?

பச்சிலை டீச்சர் | 6 நவம்பர் 2023, இரவு 8:05

கொஞ்சம் பொறுங்கள். பச்சை கலந்த வெள்ளையில், வேகமாகப் பறக்கும் பட்டாம்பூச்சி தோட்டத்தில் சுற்றுகிறதா? கட்டோப்சிலியா வகை. கொன்றை, ஆவாரை மாதிரி இந்தக் குடும்பத்து இலைகளில்தான் முட்டை வைக்கும். வளர்ந்த செடி என்றால் தின்னட்டும் என்று விட்டுவிடுவேன், இரண்டு வாரத்தில் மறுபடி தழைத்துவிடும். ஆறு அங்குல நாற்று என்றால் புழுவைக் கையால் எடுத்துப் பெரிய செடிக்கு மாற்றுங்கள். குடிக்கப்போகிற செடி, எதையும் அடிக்காமல் இருப்பதே நல்லது.

மாடிப்பந்தல் | 7 நவம்பர் 2023, காலை 7:30

எடுத்து டெகோமாவில் விட்டேன். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆவாரையிலேயே பெரியதற்கு மாற்றிவிட்டேன்.

ஓய்வு 2019 | 2 மார்ச் 2024, மாலை 6:10

இந்த இழையைப் படித்துப் படித்து நானும் மூன்று வாளியில் போட்டிருக்கிறேன், சிரிக்காதீர்கள். இன்னொரு விஷயம். ஆறு மாதமாக ஆவாரம்பூத் தேநீர் குடிக்கிறேன், சர்க்கரை நன்றாகக் குறைந்திருக்கிறது. மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று இருக்கிறேன். இங்கே யாராவது நிறுத்தியிருக்கிறீர்களா?

வடமராட்சி | 2 மார்ச் 2024, இரவு 7:45

ஐயா, தயவுசெய்து அப்படிச் செய்யவேண்டாம். குறைந்தது மாத்திரையாலா, நடையாலா, பூவாலா என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? இரண்டும் சேர்ந்து அளவுக்கு மிஞ்சிக் குறைந்தாலும் தலைசுற்றி விழுகிற ஆபத்து இருக்கிறது. எங்கள் நாட்டு ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், வலிப்புக்குக் கொடுக்கிற கார்பமசெபினோடு ஆவரசுத் தேத்தண்ணியையும் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிட்டது. எலியில் பார்த்ததுதான். ஆனாலும் பூ சும்மா இருக்கிறதில்லை, உள்ளே போய் மருந்தோடு ஏதோ செய்கிறது என்று விளங்குகிறதல்லவா. வைத்தியரிடம் குடிக்கிறதைச் சொல்லிவிட்டுக் குடியுங்கோ.

பச்சிலை டீச்சர் | 2 மார்ச் 2024, இரவு 8:15

நானும் அதையே சொல்வேன். சித்த மருத்துவத்தில் ஆவாரைக் குடிநீர் என்று இருப்பதுகூட வெறும் ஆவாரை இல்லை. ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோரை, கோட்டம், மருதம்பட்டை என்று ஏழு சரக்கு. அதை ஆளைப் பார்த்துக் கொடுக்கிற வைத்தியர் இருக்கிறார். பழமொழியை நம்பி மாத்திரையை நிறுத்தவேண்டாம்.

நெறியாளர் | 2 மார்ச் 2024, இரவு 9:00

மருந்தை நிறுத்துவது, மாற்றுவது பற்றிய பேச்சு இங்கே வேண்டாம். செடி பற்றித் தொடரலாம்.

ஓய்வு 2019 | 3 மார்ச் 2024, காலை 6:40

புரிந்தது. வீட்டம்மாவும் இதையேதான் சொன்னாள், கொஞ்சம் சத்தமாக.

நாற்றங்கால் | 9 மார்ச் 2024, மதியம் 3:30

கவாத்து பற்றி எழுதுகிறேன் என்று சொல்லி ஒரு வருடமாகிவிட்டது. பூ புதுக்கிளையின் நுனியில்தான் கொத்தாக வரும். ஆகவே நுனி எத்தனையோ அத்தனை பூங்கொத்து. செடி ஒரு முழம் வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், பக்கக் கிளை பிரியும். இரண்டாம் வருடத்திலிருந்து, காய் பறித்து முடித்ததும், பங்குனி சித்திரையில் இடுப்பளவுக்கு வெட்டிவிடுங்கள். பாவம் பார்க்காதீர்கள், பட்டைக்காக அடியோடு வெட்டினபோதே தழைத்த செடி. வெட்டிய தழையைத் தென்னை மூட்டில் போட்டு மூடலாம்.

தொட்டிச் செடிக்கு வெயில் முழுநாளும் வேண்டும். நிழலில் வைத்தால் நெட்டையாகப் போகும், பூக்காது.

மாடிப்பந்தல் | 27 அக்டோபர் 2024, காலை 10:05

பூத்துவிட்டது! நிலத்தில் நேராக விதைத்த ஆறில் நாலு, போன வாரத்திலிருந்து. அவற்றைவிட ஆறு மாதம் மூத்த தொட்டிச் செடிகளில் ஒன்றே ஒன்றுதான் மொட்டு வைத்திருக்கிறது. உயரமும் பாதிதான். மாமனார் முதல் கொத்தைப் பறிக்க விடவில்லை, மூன்று நாள் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இன்று காலை ஒரு காட்சி. கருவண்டு ஒன்று, கட்டைவிரல் பருமன், பூவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு "ர்ர்ர்" என்று அதிர்ந்தது. பறக்கும் ரீங்காரம் இல்லை, அதைவிடக் கூர்மையாக, பழைய மிக்ஸி மாதிரி. இரண்டு விநாடி, அடுத்த பூ, மறுபடி இரண்டு விநாடி. வண்டின் வயிறெல்லாம் மஞ்சள் பொடி. என்ன செய்கிறது?

பச்சிலை டீச்சர் | 27 அக்டோபர் 2024, காலை 11:40

அது தச்சுத்தேனீ. ஆவாரம்பூவில் தேன் கிடையாது, மகரந்தம் மட்டும்தான் கூலி. அந்த மகரந்தமும் வெளியே கொட்டிக் கிடக்காது. மகரந்தப்பையின் நுனியில் மிளகுத்தூள் டப்பி மாதிரி ஒரு துளை மட்டும் இருக்கும். தேனீ பூவைப் பிடித்துக்கொண்டு உடம்பை அதிரவிட்டால் பொடி அந்தத் துளை வழியாகக் கொட்டும். நீங்கள் கேட்டது அந்த அதிர்வு. எல்லாக் கொத்தையும் பறித்துவிடாமல் கொஞ்சம் அதற்கும் விடுங்கள், விதை வேண்டுமானால்.

கரிசல்காடு | 27 அக்டோபர் 2024, மதியம் 12:50

சந்தோஷம் தாயி. பனி காய்ந்து, வெயில் ஏறுவதற்குள் பறியுங்கள். அன்று விரிந்த பூவும், விரியப்போகிற மொட்டும் போதும். நேற்றைய பூ வேண்டாம், உதிர்ந்துவிடும்.

மாடிப்பந்தல் | 15 டிசம்பர் 2024, இரவு 9:20

காயவைப்பதில் நான் கற்றது: வெயிலில் போட்டால் ஒரே நாளில் காய்கிறது, ஆனால் வெளுத்து வைக்கோல் மாதிரி ஆகிவிடுகிறது. வீட்டுக்குள் வேட்டித்துணியில் ஒற்றை வரிசையாகப் பரப்பி, மின்விசிறி போட்டு, தினமும் ஒரு தடவை கிளறி, நாலு நாள். நொறுக்கினால் சருகுச் சத்தம் வரவேண்டும். ஒரு கிலோ பூ 170 கிராம் ஆனது. காம்பைக் காயும் முன்பே கிள்ளிவிட்டேன், அப்புறம் எடுத்தால் இதழும் நொறுங்குகிறது. கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஒரு வாரம் தினமும் திறந்து பார்த்தேன். முதல் தடவை மூடியில் ஆவி பிடித்திருந்தது, திரும்பக் கொட்டிக் காயவைத்தேன்.

ஒரு ஆளுக்கு ஏழெட்டுப் பூ, ஒன்றரை டம்ளர் தண்ணீர், சுக்கு ஒரு தட்டு, ஒரு டம்ளராகச் சுண்டும்வரை. பொன்னிறம் தாண்டிச் செம்பழுப்பாகிவிட்டால் துவர்ப்பு ஏறிவிடும். மாமனாருக்கு அந்தத் துவர்ப்புதான் பிடிக்கிறது. எனக்கு ஒரு ஏலக்காய் வேண்டும்.

ஓய்வு 2019 | 12 ஜனவரி 2025, காலை 8:00

என் வாளியில் மூன்றில் ஒன்று மட்டும் உயிரோடு. அதுவும் பூக்கவில்லை. மருமகளே, உங்கள் நிலத்துச் செடி விதை கொஞ்சம் கிடைக்குமா? ஊரில் தம்பி காணியில் நேராகப் போடலாம் என்று இருக்கிறேன். நாளை போகி, காப்புக்கு எல்லாவற்றையும் ஒடித்துவிடாதீர்கள்.

மாடிப்பந்தல் | 12 ஜனவரி 2025, காலை 8:45

சார், ஒரு கொத்துதான் ஒடித்தேன், மீதிக் காப்புக்கு வழக்கம்போலச் சந்தையில் கட்டு வாங்கியாயிற்று. காய் இப்போதுதான் பச்சையாகத் தொங்குகிறது. தனிமடலில் முகவரி போட்டு வையுங்கள், பங்குனியில் உறையில் போட்டு அனுப்புகிறேன். உப்புத்தாள் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்.

கரிசல்காடு | 12 ஜனவரி 2025, காலை 9:30

பறிக்கும் முன் ஆட்டிப் பார்த்துப் பறி தாயி.